மூணு பெல்லுக்குப் பதில்

காலை ஐந்து இருபது. டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால், கழிவு மணல் குவிந்த சயனைட் மேட்டுக்கும் தைலமரத் தோப்புக்கும் நடுவில் போகிற சரளை ரோடு. வண்டி கிடையாது. விளக்கு கிடையாது. பனி இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்...

இப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது மணி பத்தே முக்கால், சனிக்கிழமை ராத்திரி. மாரிகுப்பம் போகிற ரயில் வண்டி பங்காரப்பேட்டையைத் தாண்டி இருட்டுக்குள் நின்று அரை மணி நேரம் ஆகிறது. ஏன் நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியில் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது, அதன் கீழே நாங்கள் நாலு பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கிற ரத்தினம்மா, காலேஜ் முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பவ்யா, ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிரதாப், அப்புறம் நான். தினமும் ஒரே வண்டி, ஒரே பெட்டி. அவர்களுக்கு நான் ஜெயசீலி அக்கா.

"இன்னாக்கா, சைக்கிள்ல பேயா?" என்றான் பிரதாப்.

சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது என் சிநேகிதி ரெபேக்காவின் தம்பிக்கு நடந்தது. ரெபேக்காவும் நானும் பெங்களூரில் ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறோம். அவள் பொய் சொல்ல மாட்டாள். ஊசி குத்தும்போது "வலிக்காது" என்றுகூடச் சொல்ல மாட்டாள், "வலிக்கும், கைய ஆட்டாத" என்றுதான் சொல்வாள். அவள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

தம்பி பெயர் சாம்ராஜ். முப்பத்தெட்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள் வாங்கினான். வளைந்த ஹேண்டில், தடித்த டயர், சரளையிலும் மண்ணிலும் ஓடுகிற ஜாதி. வாங்கின நாளிலிருந்து அவனுக்கு ஒரே பித்து... வண்டியே வராத ரோடு கண்டுபிடிப்பது. பழைய டிராம் தண்டவாளம் பிடுங்கின பாதை, பைப் லைன் ஓரம், ஏரிக்கரை, கேழ்வரகு வயலுக்கு நடுவில் மாட்டு வண்டித் தடம். எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்து முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒரு வழி போட்டான். அதில் இரண்டே இடத்தில்தான் தார் ரோடு குறுக்கே வரும். அந்த வழியைப் போனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏற்றிவிட்டான்.

பெங்களூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கார் மேலே சைக்கிளைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இருட்டோடு மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலில் இறங்குவார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் இல்லாமல் சைக்கிள் ஓட்டுவது அவர்களுக்குக் கோயிலுக்குப் போகிற மாதிரி. சாம்ராஜுக்குப் பெருமை தாங்காது. மைன்ஸ் மூடின ஊர், மைன்ஸ் மூடின ஊர் என்று எத்தனை நாள்தான் கேட்பது. சைக்கிள் ஓட்ட நல்ல ஊர் என்று நாலு பேர் சொல்லட்டுமே என்பான்.

அவன் அப்பா மைன்ஸில் வைண்டர் டிரைவர்.

"அப்படின்னா?" என்றாள் பவ்யா. இருபத்திரண்டு வயதுப் பெண், அவளுக்கு எப்படித் தெரியும்.

சொன்னேன். சுரங்கத்துக்குள் நேராக இறங்குகிற குழிதான் ஷாஃப்ட், அதற்குப் பக்கத்தில் எஞ்சின் ரூம் இருக்கும். அங்கே ஒரு சீட்டு, ஒரு லீவர், ஒரு பிரேக். இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்குவது அந்தச் சீட்டில் இருக்கிற ஆள். அவருக்கு ஒன்றும் தெரியாது, கீழே இருக்கிறவன் முகம் தெரியாது, குரல் கேட்காது. பெல் மட்டும்தான். கீழேயிருந்து மூணு பெல் வந்தால், கேஜுக்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். டிரைவர் பதிலுக்கு மூணு அடிக்க வேண்டும், நான் தயார் என்று. அப்புறம் கீழேயிருந்து ஒரு பெல்... இழு என்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெல் வந்தால், நிறுத்து. ஆள் தொங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஒண்ணுக்குக்கூடப் போகக் கூடாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரெபேக்கா வீட்டில் பாத்ரூம் கதவைத் தட்டினால் மூணு தட்டு. உள்ளே ஆள் இருந்தால் மூணு தட்டு பதில். பிள்ளைகள் அப்படியே வளர்ந்தார்கள். ரெபேக்கா பக்கத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரி மேஜையில் நான் விளையாட்டுக்கு மூணு தட்டினால், ஊசியைப் பிடித்திருக்கிற கையை விட்டுவிட்டு மற்றக் கை தானாக மூணு தட்டும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலை ஐந்து இருபது.

சாம்ராஜ் தனியாகத்தான் போனான். அடுத்த வாரம் பதினேழு பேர் வருவதாக இருந்தது, மழையில் பாதை அரித்திருக்கிறதா என்று பார்க்கப் போனான். தைலமர வாசனை... ஈர மண்... டயருக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தம். வலது பக்கம் முள்கம்பி வேலி. வேலிக்குள் மூடிப்போட்ட பழைய ஷாஃப்ட். அது எந்த ஷாஃப்ட் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை, உங்களில் யாராவது நாளைக்கே போய்ப் பார்ப்பீர்கள்.

டிங்... டிங்... டிங்.

பின்னால் வேறொரு சைக்கிள்காரன் வழி கேட்கிறான் என்று நினைத்து ஓரம் ஒதுங்கினான். யாரும் வரவில்லை. நின்று திரும்பிப் பார்த்தான். பனி. ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடியும். டிங்... டிங்... டிங்.

சத்தம் வேலிக்குள்ளிருந்து வருகிறது. தரைக்குக் கீழேயிருந்து.

பெங்களூர்க்காரனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? பயந்து ஓடியிருப்பான், இல்லாவிட்டால் போனை எடுத்துப் படம் பிடித்திருப்பான். ஒன்றும் ஆகியிருக்காது. சாம்ராஜ் வைண்டர் டிரைவர் பிள்ளை. அவன் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாகப் போய் ஹேண்டிலில் இருந்த பித்தளை பெல்லை மூணு தடவை தட்டிவிட்டது.

ரத்தினம்மா வாயில் கை வைத்தாள். "அய்யோ, பதில் குடுத்துட்டானா."

கொடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழேயிருந்து ஒரு பெல்.

என்ன செய்துவிட்டோம் என்று சாம்ராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. சைக்கிளை மிதித்தான். நகரவில்லை. பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தான், மெதுவாக நகர்ந்தது. சமதளம்தான் அது, காற்றும் இல்லை. இருக்கிற கியரிலேயே லேசான கியரைப் போட்டான். அப்படியும் சங்கிலி நறநறவென்று இறுகியது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்திருக்கிற கனம். தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், கம்பிக் கயிறு சக்கரத்தில் ஓடுகிற சத்தம். முதுகுப் பக்கமிருந்து சூடான காற்று... டிசம்பர் பனியில்... வெடிமருந்துப் புகையும் வியர்வையும் கலந்த வாசனை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த வாசனைகூட இன்னும் போகாத சட்டையைத்தான் போட்டிருந்தான், அதையும் மீறி அந்த வாசனை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மிதித்தான். எண்ணூறு மீட்டர். அங்கே தார் ரோடு குறுக்கே வருகிறது, பால் வண்டி ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு போனது. மனித நடமாட்டத்தைப் பார்த்ததும் அவன் தைரியம் முழுதும் கரைந்துவிட்டது. காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

பத்தடி ஓடித் திரும்பிப் பார்த்தான். கீழே கிடந்த சைக்கிளின் பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக. பெடலும் சேர்ந்து பின்பக்கமாக. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் கம்பிகள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில். ரொம்ப நேரம் சுற்றியது. பிறகு உள்ளங்காலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், தொப்பென்று ஒரு அதிர்ச்சி. சக்கரம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். அன்றைக்கு ரெபேக்காவும் அங்கே இருந்தாள். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, நெஞ்சு முழுதும் மைன்ஸ் தூசி, நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். பேய் என்றால் திட்டுகிற மனுஷன். அன்றைக்குத் திட்டவில்லை.

"எத்தினி பெல்லு?"

"மூணு, நைனா."

"நீ இன்னா பண்ண?"

"மூணு குடுத்துட்டேன். கை தானா போயிட்சி."

"இழுத்தியா?"

"இழுத்தேன். பாதிகூட வரல. பயமா இருந்துச்சி. எறங்கிட்டேன்."

அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, முப்பது வருஷமாகப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

ஒரு ராத்திரி ஷிஃப்ட்டில் கீழே பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்பார்கள், ரத்தினம்மாவுக்குத் தெரியும், ஊரே ஆடும். கீழேயிருந்து மூணு பெல் வந்தது. இவர் மூணு கொடுத்தார். ஒரு பெல் வந்தது. இழுத்தார். ஏழு பேர் கேஜுக்குள். பாதிக்கு மேல் வந்தாயிற்று. அப்போது எஞ்சின் ரூமே ஆடி, ஜன்னல் கண்ணாடி அவர் மடியில் கொட்டியது. பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வெளியே ஓடிவிட்டார். பத்து நிமிஷம் கழித்துத் தைரியம் வந்து திரும்பி வருவதற்குள் இரண்டாவது தடவை வெடித்து, கேஜ் அறுந்து விழுந்து, கயிறு வெறுங்கயிறாகத் தொங்கியது.

"இன்னும் ஒண்ணரை நிமிசம் இழுத்திருந்தா மேல வந்திருப்பானுங்க," என்றார் அப்பா. "யாரும் என்ன கேக்கல. கயிறு அறுந்துட்சின்னு எழுதிட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன்."

அழுதாராம். ரெபேக்கா தன் அப்பா அழுது பார்த்தது அன்றைக்குத்தான். அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். "பதில் குடுத்தவன்தான் ஏத்தணும்டா. அவனுங்க உன்ன நம்பிகினு நிக்கிறானுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். மேல கேஜு கேட்டு தெறந்துவிட ஒரு ஆளு வேணும்ல."

சாம்ராஜின் பெண்டாட்டி சாரா நல்ல கெட்டிக்காரி. பெங்களூர்க்காரர்களுக்குத் தானே போன் போட்டு, பாதை சரியில்லை, வராதீர்கள் என்று சொன்னாள். சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சனிக்கிழமை ராத்திரி அவள் தூங்கின பிறகு, அந்தச் சக்கரத்தைத் தேடி எடுத்து மகன் கையில் கொடுத்தது அப்பாதான்.

அந்த இடம் மைன்ஸ் தொழிலாளர்களுக்குக் கட்டின அவர்கள் லைன் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. கிழவர் நாற்பது நிமிஷம் நடந்தார். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தடவை நின்று இருமி, மறுபடி நடந்தார். வேலி ஓரம் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். "திரும்பிப் பாக்காத. ஒரு பெல்லு வர்ற வரைக்கும் சீட்ட விட்டு எறங்காத. இன்னா சத்தம் கேட்டாலும் எறங்காத," என்றார். "சரி நைனா" என்றான் இவன். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்து இருபது. மூணு பெல். சாம்ராஜ் மூணு கொடுத்தான்.

ஒரு பெல்.

மிதித்தான். அதே கனம். அதே சூட்டுக் காற்று. தொடை எரிந்தது, வாயில் ரத்த ருசி வந்தது. எண்ணூறு மீட்டரில் தார் ரோடு... கடந்தான். பால் வண்டிக்காரன் நின்று பார்த்தான், இவன் பார்க்கவில்லை. தொள்ளாயிரம். ஆயிரம் மீட்டர். போனில் ஆயிரம் என்று காட்டின இடத்தில் கனம் சட்டென்று குறைந்தது. ஆஹா, வந்துவிட்டார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு சந்தோஷம். ஒரு நொடிதான்.

டயருக்கு நேர் கீழே, மண்ணுக்குள், ஏதோ ஒன்று ஏதோ ஒன்றைக் கடந்து போகிற சத்தம் வந்தது. இரும்பு உரசுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு இருமல். மேலேயிருந்து வந்து, காலுக்கு அடியில் கடந்து, கீழே கீழே போன இருமல்... அவன் பிறந்ததிலிருந்து கேட்கிற இருமல்.

நான் நிறுத்தினேன். 

"ரெண்டு கேஜு இருக்கும்," என்றாள் ரத்தினம்மா. அவள் புருஷன் இருபது வருஷம் கீழே இறங்கினவன். "ஒரே எஞ்சினுக்கு ரெண்டு கேஜு. ஒண்ணு மேல வந்தா இன்னொண்ணு கீழ போவும். பாதியில ரெண்டும் தாண்டும்." பவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் மேல நின்ன கேஜில ஏறிட்டாரு."

ஆமாம். சாம்ராஜுக்கும் அது தெரியும், சின்ன வயதிலிருந்து தெரியும். ஏழு பேரை ஏற்றுகிற அவசரத்தில் நினைக்கவில்லை. அப்பா நினைத்திருந்தார். கேட்டைத் திறக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதைத்தான் நினைத்திருந்தார்.

இப்போது இறங்கினால் அப்பா நடுவழியில் தொங்குவார். ஏழு பேரும் தொங்குவார்கள், இரண்டாவது தடவையாக. இல்லை, மூன்றாவது தடவையாக. இறங்காவிட்டால் அப்பாவைத் தன் காலாலேயே அடி மட்டத்துக்கு இறக்க வேண்டும். யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது? பெடல் அதற்குள் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது, ஒரு பக்கம் இறங்க இறங்க மறு பக்கம் சுலபமாக ஏறும். அவன் பிரேக்கை அழுத்தி அழுத்தி, அலறி அழுதுகொண்டே, சீட்டை விட்டு இறங்காமல் ஓட்டினான். அதை ரெபேக்காவிடம் சொல்லும்போது அவன் சொன்னது இவ்வளவுதான். "நான் எறங்கலக்கா."

இரண்டாயிரம் மீட்டரில் ஒரு பெல் வந்தது. நின்றான். கனம் போய்விட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது அப்பா அதே கல்லில் வேலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. வேலிக்குள்ளிருந்து வெளியே வந்து, சாம்பல் நிற மணலில் லைன் வீடுகள் பக்கமாகப் போன மைன்ஸ் ரப்பர் பூட்ஸ் தடங்கள் இருந்தன. எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை, ஒன்றின் மேல் ஒன்று. உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை.

அப்பாவைத் தூக்கக் கை வைத்தவன் கையை எடுத்துவிட்டான். உடம்பு கொதித்தது. சட்டை முழுதும் வியர்வை. வெளியே பல் கிட்டுகிற பனி.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி உள்பக்கமாக ஆவி பிடித்து முகமே தெரியவில்லை. பெட்டி ரிப்பேர் என்று சொல்லி ஐஸ் பெட்டிக்காரன் வேறு பெட்டி கொண்டுவந்தான். அதுவும் அப்படித்தான். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் நெற்றியில் கை வைத்துவிட்டு, அந்தக் கையை அன்று முழுதும் தன் அங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மதியம் அடக்கம். நானும் போயிருந்தேன். குழியில் இறக்கும்போது பெட்டிக்கு அடியில் கை கொடுத்த நாலு பேரும் சீக்கிரம் விடச் சொன்னார்கள்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள் பவ்யா. அவ்வளவுதான் என்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள் பாவம்.

இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாம்ராஜ் அங்கே போகிறான். ஐந்து இருபதுக்கு மூணு பெல் வருகிறது. முன்பு வந்த மாதிரி இல்லை. இரண்டு வேகமாக, மூன்றாவது கொஞ்சம் தள்ளி... நடுவில் ஒரு இருமலுக்கு இடம் விட்ட மாதிரி. அவன் இன்னும் பதில் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏற்ற வேண்டும். ஏற்றினால், மறு பக்கம் ஒரு ஆள் இறங்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை வேலியில் யாரும் இல்லாமலே எண்ணூறு மீட்டர் இழுத்தானே, வெறும் கேஜ் இறங்காதா என்று நான்கூட ரெபேக்காவைக் கேட்டேன். அவன் முயற்சி பண்ணிப் பார்த்தானாம். பதில் கொடுக்காமலே, வெறும் சைக்கிளை மிதித்துப் பார்த்தானாம். இப்போது ஒரு அடிகூட நகரவில்லையாம்.

போன மாதம் ரெபேக்கா வீட்டுக்கு வந்தான். இளைத்துப்போயிருந்தான். "அக்கா, ஒரே ஒரு நாளு காலையில என்கூட வர்றியா? சும்மா வேலிகிட்ட உக்காந்தா போதும்" என்றான். ரெபேக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் வெளியே நின்று கதவை மூணு தட்டினான். அவள் கை பதிலுக்குப் போயிற்றாம். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து, மேலே உட்கார்ந்துகொண்டு, அவன் போகிற வரைக்கும் அழுதாளாம். இதைச் சொல்லும்போதுகூட ரெபேக்கா அழுதாள். "அவனுக்குப் பைத்தியம் இல்ல ஜெயசீலி. எனக்கும் நைனா வேணும்" என்றாள்.

இந்த வாரம் சாம்ராஜ் மறுபடி சைக்கிள் ரைடு போட்டிருக்கிறான். நாளைக்குக் காலை. இருபது பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எல்லோரையும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் அவன் சேர்த்துவைத்திருக்கிறான், என்னையும்தான். உதவிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு லிஸ்ட். தண்ணீர் கொடுக்க ஒருவர். பஞ்சர் பார்க்க ஒருவர். கடைசி வரியில், சாம்பியன் ரீப்ஸ் வேலிப் பக்கம் உட்கார ஒருவர், சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை.

 பிரதாப் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அந்த வேலிப் பக்கத்துக்கு நேரா உன் பேரு இருக்குது பிரதாப். சாயங்காலம் பாத்தேன். அதுக்குத்தான் இந்தக் கதைய எடுத்தேன்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சும்மா உக்காரணும், டிபன் குடுப்பாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான்க்கா. எனக்கு இன்னா தெரியும்."

"எடுத்துடு."

போனை எடுத்தான். சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். ரத்தினம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் லிஸ்டைத் திருத்தி, அந்த வரியை வெறுமையாக விட்டு மறுபடி போட்டான். என் போனைத் திறந்து நானும் பார்த்தேன். வேலிப் பக்கம், ஒன்றுமில்லை. எனக்கு நெஞ்சு நிம்மதியானது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. விளக்குகள் எல்லாம் வந்தன. பவ்யா பெருமூச்சு விட்டுச் சிரித்தாள், ரத்தினம்மா டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு முறுக்குக் கொடுத்தாள். கோரமண்டல் ஸ்டேஷன் வெளிச்சம் ஜன்னலில் தெரிகிற நேரத்துக்கு என் போன் கையில் அதிர்ந்தது.

குரூப்பில் லிஸ்ட் மறுபடி வந்திருக்கிறது. தண்ணீர், அதே பெயர். பஞ்சர், அதே பெயர். வேலிப் பக்கம் என்பதற்கு நேராக, ரெபேக்கா என்று எழுதியிருக்கிறது.